வாயைத் தொறந்து சொல்லோணும்

ஏனுங்க, அந்த ஜன்னலோரம் நான் உக்காந்துக்கட்டுங்களா? காத்து படலைன்னா எனக்குத் தலை சுத்தும். ரெண்டு நாளா ஒரு ஹாலுக்குள்ள போட்டு அடைச்சு வெச்சிருந்தாங்க. ஆமாங்க, நான் கோபியில எறங்கிருவேன். நீங்க சத்தி வரைக்குமா? நல்லதாப் போச்சு.

ட்ரெயினிங்குங்க. சிரிக்காதீங்க. இருபத்தொம்பது வருசமா கணக்குப் பாடம் எடுக்கறவளுக்கு ட்ரெயினிங். இந்தப் பையில எழுதியிருக்குது பாருங்க, 'முழுமையான குழந்தை'. இத்தனை நாளா நாங்க அரைக் குழந்தைக்குப் பாடம் எடுத்தாப்புல.

என்ன சொல்லிக் குடுத்தாங்கங்கறீங்க? வட்டமா உக்கார வெச்சு ஒரு நூல்கண்டைத் தூக்கிப் போட்டு விளையாடச் சொன்னாங்க. நூலைப் புடிக்கறவங்க பக்கத்துல இருக்கறவங்களைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லோணும். எம் பக்கத்துல இருந்த பி.டி. வாத்தியாரைப் பத்தி நான் என்னத்தைச் சொல்றது? ரெண்டு நாளும் தூங்கிக்கிட்டிருந்தாரு. அப்பறம் கண்ணை மூடிக்கச் சொன்னாங்க. உங்களுக்குப் புடிச்ச வாத்தியாரை மனசுல நெனைச்சுக்கங்க, அவரு மூஞ்சி தெரியுதான்னு கேட்டாங்க. சுத்தி இருந்தவங்க எல்லாம் உருகறாங்க, ஒரு அம்மா அழுகவே ஆரம்பிச்சிருச்சு. எனக்கு எந்த மூஞ்சியும் தெரியலைங்க. எங்க கணக்கு வாத்தியாரு கை மட்டும்தான் தெரிஞ்சுது. கையில புளியம்விளாறு. அது போதாதுங்களா? அந்தக் கையாலதான் நான் டீச்சர் ஆனேன்.

அந்த ட்ரெயினிங் குடுத்த புள்ளைக்கு என்ற மகன் வயசுகூட இருக்காது. என்ற மகன் பெங்களூர்ல இருக்கறான். போன் பண்ணுனா 'ம்', 'செரி', 'வெச்சர்றேன்', அவ்வளவுதான். வளவளன்னு பேசற பழக்கமே இல்லை. அப்படி வளத்தியிருக்கறேன்.

என்னைய ஏன் அனுப்புனாங்கன்னு கேக்கறீங்களா? சொல்றேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க.

எங்களுது பொம்பளைப் புள்ளைங்க ஸ்கூல், பத்தாவது வரைக்கும்தான். பத்தாவது பி எனக்கு. பதினோரு வருசமா கணக்குல ஒருத்தி பெயிலானதில்லைங்க. எப்படின்னா, தேறாதுன்னு தெரிஞ்சா ஒம்பதாவதுலயே அப்பன் ஆத்தாளைக் கூப்பிட்டு, வேற பக்கம் சேத்துக்கங்கன்னு பக்குவமாச் சொல்லிருவேன். அதுக்கும் ஒரு கெட்டித்தனம் வேணுமில்லைங்களா?

போன வருசம் மோகனப்பிரியான்னு ஒருத்தி வந்து சேந்தா. அப்பன் மஞ்சமண்டியில மூட்டை தூக்கறவரு. ஆத்தாளும் அங்கயேதான், மஞ்சள் பொறுக்கற வேலை. பாக்கறதுக்குச் சாதுவா இருப்பா. ஆனா அழுத்தக்காரி. எப்படின்னு கேளுங்க.

காலையில வந்ததும் நான் பேரு கூப்புடுவேன். நாப்பத்திரண்டு பேரு. கூப்பிட்டா எந்திரிச்சு 'உள்ளேன் அம்மா'ன்னு சொல்லோணும். இத்தனை வருசமா அதுதான் சட்டம். மொத நாள் 'மோகனப்பிரியா'ங்கறேன். எந்திரிச்சு நின்னா. 'உ... உ... உ...'ங்கறா. ஒதடு கோணுது, கழுத்து நரம்பு பொடைக்குது, கண்ணை இறுக்கி மூடிக்கறா. பின் பெஞ்சுல ஒருத்தி சிரிச்சா. அப்பறம் பத்துப் பேரு சிரிச்சாங்க. நான் அடுத்த பேரைக் கூப்பிட்டுட்டேன். ஒருத்திக்காக மத்த நாப்பத்தொரு பேரும் காத்துக்கிட்டு இருக்க முடியுங்களா?

அடுத்த நாள் என்ன பண்ணுனாங்கறீங்க? பேரைக் கூப்பிட்டதும் பேசாம கையைத் தூக்கறா! நான் சொன்னேன், "அம்மிணி, இது பஸ் ஸ்டாப் இல்லை, கையைக் காட்டறதுக்கு. வாயைத் தொறந்து சொல்லோணும். சொல்லலைன்னா நீ வரலைன்னு அர்த்தம்." சொன்னேன், சொன்ன மாதிரியே செஞ்சேன். 'ஆ' போட்டேன். 'ஆ'ன்னா ஆப்சென்ட். தினமும் கூப்புடுவேன், தினமும் கையைத் தூக்குவா, தினமும் 'ஆ'. அவளும் விடலை, நானும் விடலை. ஒரு சில நாள் முக்கி முனகி எப்படியோ சொல்லிருவா, அன்னைக்கு மட்டும் வந்ததாப் போடுவேன். நான் ஒண்ணும் அநியாயக்காரி இல்லை பாருங்க.

திக்குவாயா இருக்கும்ங்கறீங்க. அது எனக்குத் தெரியாதுங்களா? நான் என்ன குருடியா? தெரியுமுங்க. ஆனா திக்குவாய்க்கும் ஒரு முயற்சி வேணுமில்ல? கையைத் தூக்கறது சோம்பேறித்தனம். அழுத்தி வெச்சா எந்தக் கோணலும் நிமிந்துரும். நான் அவ நல்லதுக்குத்தானே செஞ்சேன்.

மத்தபடி அவ நோட்டு ஒரு நாள் தவறாம மேசைக்கு வந்துரும். கையெழுத்து முத்து முத்தா இருக்கும். கணக்கெல்லாம் சரியாவே இருக்கும், அதையும் நான் மறைக்கலை. நானும் அன்னன்னைக்கே திருத்திருவேன். சிவப்பு மை, என்ற கையெழுத்து, கீழ தேதி. எங்க ஸ்கூல்ல வேற எவங்க நோட்டை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க, என்ற மாதிரி திருத்துன நோட்டு இருக்காது.

நடுவுலதான் அந்த சுகிர்தா வந்தா. சயின்ஸ் டீச்சர். தாளவாடியில இருந்து மாத்தலாகி வந்தவ. முப்பது வயசுகூட ஆகலை. வந்த ஒடனே ஒரு கூத்து. காலையில சயின்ஸ் ரூம் வாசப்படியில நின்னுக்குவா. ஒவ்வொருத்தியாப் பேரு சொல்லி, "வா கண்ணு, சாப்பிட்டியா? என்ன இன்னைக்குப் பூ வெச்சுட்டு வரலை? தம்பிக்குக் காச்சல் விட்டுருச்சா?" இப்படி நாப்பத்திரண்டு பேருகிட்டயும். இது கிளாசா, கல்யாண மண்டபமா? பன்னீர் தெளிக்கறது ஒண்ணுதான் பாக்கி. அவகிட்ட எவளும் 'உள்ளேன்' சொல்ல வேண்டியதில்லை. சிரிச்சாப் போதும், அட்டெண்டன்ஸ்.

மத்தியானம் ஸ்டாப் ரூமுக்கு வர மாட்டா. தூக்குப்போசியை எடுத்துக்கிட்டு அந்தப் புள்ளைங்களோட படிக்கட்டுல உக்காந்து சாப்புடுவா. அதுங்க டப்பாவுல இவ கை, இவ போசியில அதுங்க கை. ச்சீ. நாம மேல உக்காந்தாத்தானே அதுங்க கீழ உக்காரும்? நாமளே போயி கீழ உக்காந்துட்டா?

ஒரு நாள் அந்தப் பக்கமாப் போனேன். சும்மா இல்லை, குடிதண்ணித் தொட்டியைப் பாக்கறதுக்குத்தான். மோகனப்பிரியா என்னமோ சொல்ல வந்திருக்கறா. மொத எழுத்துலயே சிக்கிக்கிச்சு. 'எ... எ... எ...' அந்த சுகிர்தா என்ன பண்றா தெரியுங்களா? ஒண்ணும் பண்ணலை. அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறா. சொல்லை எடுத்துக் குடுக்கவும் இல்லை, செரி விடு கண்ணுங்கவும் இல்லை. கையில பெசஞ்ச சோறு அப்படியே காயுது. சுத்தி இருந்த புள்ளைங்களும் அப்படியே. என்ற கிளாசுல சிரிச்ச அதே கழுதைங்கதான், இங்க ஒருத்திகூடச் சிரிக்கலை. கடைசியா வந்துருச்சு. என்ன சொல்லுன்னு நெனைக்கறீங்க? 'எலுமிச்சங்கா'. அவ ஆத்தா எலுமிச்சங்கா ஊறுகா போட்டுக் குடுத்திருக்குதாம், டீச்சருக்குக் கொஞ்சம் வெக்கட்டுமாங்கறா. நாலு நிமிசமுங்க! நான் நின்னு வாட்ச்சுல பாத்தேன். ஒரு எலுமிச்சங்காய்க்கு நாலு நிமிசம். நாலு நிமிசத்துல நான் ஒரு தேற்றத்தையே முடிச்சிருவேன்.

சாயங்காலம் ஸ்டாப் ரூம்ல எல்லாரும் இருக்கறப்பக் கேட்டேன். "ஏனுங்க சுகிர்தா டீச்சர், எலுமிச்சங்காப் பாடம் முடிஞ்சுதுங்களா?" எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சுக்கிட்டே, "முடிஞ்சுதுங்க டீச்சர், நாளைக்கு மாங்கா"ங்கறா. வாய் பாருங்க! அப்பறம் எம் பக்கத்துல வந்து மெதுவாச் சொல்றா, "அவ நல்லாப் பேசுவாங்க டீச்சர். நாம கொஞ்சம் நின்னாப் போதும்."

"நிக்கறதுக்கு என்ன, பஸ்ஸா வருது? சிலபஸை யாரு முடிக்கறது?"

"முடிச்சரலாங்க டீச்சர்." அவ்வளவுதான் சொன்னா. என்ன கோபம் வந்துச்சுங்கறீங்க எனக்கு! சண்டை போட்டாலாச்சும் பரவால்லை.

ஜனவரி மாசம். பரிட்சைக்கு வருகை போதாதவங்க பட்டியலை ஆபீசுல கேட்டாங்க. நான் ரிஜிஸ்டரைக் கூட்டுனேன். மோகனப்பிரியா அறுபத்தொரு நாள் ஆப்சென்ட். பட்டியல்ல எழுதிக் குடுத்துட்டேன். வேற என்னத்தை எழுதறது? ரிஜிஸ்டர்ல இருக்கறதைத்தானே எழுத முடியும்? நானே போட்டதுதான், இருந்தாலும் ரிஜிஸ்டர் ரிஜிஸ்டர்தானுங்களே. நோட்டீஸ் போர்டுல பேரை ஒட்டிட்டாங்க. இந்த வருசம் பரிட்சை எழுத முடியாது.

அதைப் பாத்துட்டு அவ எங்கிட்ட வரோணுமா இல்லையா? கிளாஸ் டீச்சர் நான்தானே? அழுதாலாச்சும் ஒரு நாயம். நேரா அந்த சுகிர்தாகிட்டப் போயிருக்கறா. அவகிட்டச் சொல்ல எத்தனை மணி நேரம் ஆச்சோ, எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில எச்.எம். ரூமுக்கு வரச் சொல்லி ஆள் வந்துச்சு.

உள்ள போறேன், அந்தப் புள்ளை நிக்கறா, பக்கத்துல அவ ஆத்தா. வேலைக்குப் போற சேலையோடயே வந்திருக்குது, கை ரெண்டும் முழங்கை வரைக்கும் மஞ்சள். சுகிர்தா ஒரு கட்டு நோட்டை வெச்சுக்கிட்டு நிக்கறா. எங்க எச்.எம். வைரமணி மேடம், எனக்கு ஜூனியர்தான், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரிஜிஸ்டரைப் பாக்கறாங்க.

என்னையப் பாத்ததும் அந்த ஆத்தா கும்புட்டுச்சு. "டீச்சரம்மா, என்ற புள்ளை ஒரு நாள்கூட லீவு போட்டதில்லீங்கொ. காச்சல்லகூடப் போவேன்னு அடம் புடிக்குமுங்கொ. பள்ளிக்கொடத்துக்குன்னு கெளம்பி வேற எங்கயாவது போயிட்டாளுங்களா? அதையாச்சும் சொல்லிப்போடுங்க." சொல்லிக்கிட்டே மக மூஞ்சியைத் திரும்பித் திரும்பிப் பாக்குது. ராத்திரி வீட்டுல ரெண்டு அடியும் வெச்சிருக்கும்போல, புள்ளை கன்னம் வீங்கியிருந்துச்சு.

எச்.எம். ஒரு நோட்டைப் பிரிச்சாங்க. "நவம்பர் பதினெட்டு. ரிஜிஸ்டர்ல என்ன இருக்குதுங்க டீச்சர்?"

"ஆப்சென்ட்."

"நோட்டுல இது யாரு கையெழுத்துங்க?"

"என்றதுதான்."

"தேதி?"

"பதினெட்டு."

"நவம்பர் இருபத்தொண்ணு?" அதே. "டிசம்பர் மூணு?" அதே. நாலு நோட்டு. அறுபத்தொரு நாள்ல அம்பத்தெட்டு நாளைக்கு என்ற சிவப்பு மை இருந்துச்சு. மிச்ச மூணு நாள் டெஸ்ட்டு, நோட்டு வாங்கலை. என்ற ஒழுக்கத்தையே எடுத்து எம் மேல வீசுறாங்க பாத்தீங்களா? நான் நோட்டுத் திருத்தாத சோம்பேறியா இருந்திருந்தா, எவளாலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. நல்லவங்களுக்குக் காலம் இல்லைங்க.

எச்.எம். கண்ணாடியைக் கழட்டி வெச்சாங்க. "டீச்சர், நேராச் சொல்லுங்க. இந்தப் புள்ளை வந்தாளா, வரலையா?"

"வந்தா மேடம். ஆனா வந்தேன்னு சொல்லலை."

இதுல என்னங்க தப்பு? நீங்களே சொல்லுங்க. அந்த ரூம்ல இருந்த அத்தனை பேரும் என்னைய ஒரு மாதிரியாப் பாக்கறாங்க. அந்தப் பொம்பளைக்கு மொதல்ல புரியலை. புரிஞ்சதும் அப்படியே செவுத்துல சாஞ்சு உக்காந்துருச்சு. அழுகலைங்க. மக காலைப் புடிச்சுக்கிட்டு, "அடிச்சுப்போட்டனே சாமி, அடிச்சுப்போட்டனே"ன்னு ஒரே பொலம்பல். கால்ல எல்லாம் மஞ்சள்.

எச்.எம். அந்தப் புள்ளைகிட்டக் கேட்டாங்க, "ஏம்மா, நீ வீட்டுலயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

அவ வாயைத் தொறந்தா. வரலை. 'நா... நா...'ன்னு நிக்குது. நான் சொன்னேன், "பாருங்க மேடம், இப்பவும் அதே அழுத்தம்தான்."

"டீச்சர், கொஞ்சம் பேசாம இருங்க."

யாரு சொன்னதுங்கறீங்க? அந்த சுகிர்தா! சத்தமாக்கூடச் சொல்லலை. என்னையத் திரும்பிப் பாக்கவும் இல்லை, அந்தப் புள்ளை மூஞ்சியையே பாத்துக்கிட்டுச் சொல்றா. இருபத்தொம்பது வருசத்துல என்னைய எவரும் பேசாம இருன்னு சொன்னதில்லைங்க. சொன்னா, நானும் இருந்துட்டேன் பாருங்க. அதை நெனைச்சாத்தான் இன்னும் வவுறு எரியுது.

எல்லாரும் நின்னோம். வெளிய மணி அடிச்சுது, எச்.எம். அசையலை. அந்தப் புள்ளை கண்ணை மூடாமச் சொன்னா, அன்னைக்குக் கண்ணை மூடலை. "நா... நான் தினமும் வ... வந்தேங்க மேடம். எ... எனக்குக் க... கணக்குப் புடிக்கும். சொ... சொன்னா அம்மா ஸ்கூலை மா... மாத்திருவாங்க."

கணக்குப் புடிக்குமாம்! ஐஸ் வெக்கறா பாருங்க. அந்த நேரத்துலயும் எங்கிட்ட ஐஸ். எங்கிட்ட அதெல்லாம் நடக்காது. நான் ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு இருந்தேன். கண்ணுல என்னமோ தூசி விழுந்துருச்சு, எச்.எம். ரூமைக் கூட்டறதே இல்லை.

அப்பறம் என்ன? ரிஜிஸ்டரைத் திருத்தச் சொன்னாங்க. ஒவ்வொரு 'ஆ'வையும் அடிச்சு, பக்கத்துல நானே சின்னக் கையெழுத்துப் போடோணும். அறுபத்தொரு கையெழுத்து. விளக்கம் எழுதிக் குடுன்னாங்க, குடுத்தேன். பத்தாவது பி-யை எங்கிட்ட இருந்து எடுத்து சுகிர்தாவுக்குக் குடுத்துட்டாங்க. கணக்குப் பாடம் மட்டும் நான். அடுத்த நாள் உள்ள போறேன், நாப்பத்திரண்டும் எந்திரிச்சு வணக்கம் சொல்லுச்சுங்க. சொல்லிட்டு உக்காந்துச்சுங்க. அவ்வளவுதான். மரியாதைக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்லை. ஆனா சந்தேகம் கேக்கறதுன்னா மட்டும் ஒருத்திகூட எங்கிட்ட வர மாட்டா. அவங்களுக்குள்ளயே மோகனப்பிரியா பெஞ்சுக்குப் போயி நின்னுக்குவாங்க. அவ திக்கித் திக்கிச் சொல்லிக் குடுக்கறா, இதுங்க பொறுமையாக் கேக்குதுங்க. நான் போர்டுல போட்ட அதே கணக்குத்தானுங்க. எங்கிட்டக் கேட்டா ரெண்டே நிமிசம்.

மே மாசம் ரிசல்ட். கணக்குல அவளுக்குத் தொண்ணூத்தேழு. ஸ்கூல்லயே அதுதான் ஒசத்தி. எல்லாரும் சுகிர்தாவுக்குக் கை குடுக்கறாங்க! சயின்ஸ் எடுத்தவளுக்கு எதுக்குங்க கை? கணக்கு எடுத்தது யாரு? நான் அழுத்தி வெக்கலைன்னா அந்தத் தொண்ணூத்தேழு எங்கிருந்து வரும்? அதை ஒருத்தராச்சும் சொல்லோணுமில்ல? சொல்லலை. அதுக்குப் பதிலாத்தான் இந்த ட்ரெயினிங்குக்கு என்ற பேரைக் குடுத்திருக்கறாங்க. "ஒரு மாறுதலா இருக்குமுங்க டீச்சர்"ங்கறாங்க எச்.எம். எனக்கெதுக்கு மாறுதல்?

போன வாரம் டி.சி. வாங்கறதுக்கு வந்திருந்தா. பதினொண்ணாவது பெரிய ஸ்கூல்ல இடம் கெடைச்சிருக்குதாம். நான் ஆபீசுல ஒரு வேலையா நின்னுக்கிட்டிருந்தேன். ஆபீஸ் உதவியாளரு பெரியண்ணன் இருக்கறாரே, அவருகிட்டப் பேசறா. அவரு வளக்கற செம்மறிக்குட்டியைப் பத்தி. திக்கித் திக்கித்தான், ஆனா கொஞ்சங்கூடக் கூச்சமே இல்லை. நடுவுல சிக்கிக்கிட்டா நிறுத்தி, சிரிச்சுட்டு, மறுபடியும் சொல்றா. அவரும் சிரிக்கறாரு. அவ பேசி இத்தனை நேரம் நான் கேட்டதே இல்லைங்க. கொரலு நல்லாத்தான் இருந்துச்சு. என்ன, ஒரு வருசமா எங்கிட்ட மறைச்சு வெச்சிருந்தா.

பேசி முடிச்சுட்டுத் திரும்புனா, நான் நிக்கறேன். சிரிப்பு நின்னு போச்சு. ஒடனே கும்புட்டா. மரியாதையாத்தான் கும்புட்டா.

நானே பேச்சைத் தொடங்குனேன். பெரியவங்கன்னா அப்படித்தானே இருக்கோணும்? "என்ன அம்மிணி, கணக்குல எவ்வளவு?" எனக்குத் தெரியும், ரிசல்ட் வந்த அன்னைக்கே அவ நம்பரைத்தான் மொதல்ல போட்டுப் பாத்தேன். இருந்தாலும் அவ வாயால சொல்லட்டும்னு கேட்டேன். அவ மார்க் ஷீட்டை எடுத்தா. கணக்குக்கு நேரா வெரலை வெச்சுக் காமிச்சா.

நான் நின்னேன். அவசரம் ஒண்ணும் இல்லை, லீவு நாள்தானே. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கட்டும்னு பேசாம நின்னேன். அந்த சுகிர்தாவுக்கு மட்டும்தான் நிக்கத் தெரியுமா? நாலு நிமிசத்துக்கும் மேல நின்னிருப்பேன். அவ வாயைத் தொறக்கவே இல்லை. சொல்லிப் பாக்கக்கூட இல்லைங்க. மறுபடியும் ஒரு கும்புடு போட்டுட்டு, டி.சி.யை வாங்கிக்கிட்டுப் போயே போயிட்டா.

அப்பறம் பெரியண்ணன்கிட்டக் கேட்டேன். "அந்தப் புள்ளை உங்ககிட்ட இத்தனை நேரம் என்ன பேசுனா?"

"குட்டியைப் பத்தித்தானுங்க டீச்சர். அப்பறம் புது ஸ்கூலைப் பத்தி."

"என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

"இல்லீங்களே டீச்சர்."

"பயப்படாமச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

"நெசமா ஒண்ணுமே சொல்லலீங்க டீச்சர். உங்க பேரே வரலீங்க."

பாத்தீங்களா நெஞ்சழுத்தத்தை? ஒரு வருசம் தினமும் அவ பேரை நான் கூப்பிட்டிருக்கறேன். ஏனுங்க, திட்டறதுக்காச்சும் ஒரு வார்த்தை இருக்காதுங்களா?